மலை தெரிகிறது, மழை தெரியவில்லை

கோவைக்கு வீடு மாறிய முதல் மாதம், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். நேராகப் பின்பக்கம் போய் பால்கனிக் கதவைத் திறந்து, மருதமலைக்குப் பின்னால் நீளும் மலைத்தொடரைப் பார்த்து, "கொடுத்து வச்சவங்க" என்று சொல்லிவிட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் தன் பிளாஸ்டிக் நாற்காலியை வாசல் பக்கம், தெருவைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். கேட்டதற்கு, "அந்தப் பக்கம் உக்காந்தா யாரோ கதவை அடைச்சு வச்ச மாதிரி இருக்குடா" என்றாள்.

அம்மா அறுபது வருடத்துக்கு மேல் திருவாரூருக்குத் தெற்கே ஒரு வயல் கிராமத்தில் இருந்தவள். அங்கே பார்வையை நிறுத்த எதுவும் கிடையாது. தஞ்சாவூரைத் தாண்டிக் கிழக்கே போகப் போக, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத சமதளம். திருவாரூர் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. வயல், வரப்பு, தூரத்தில் ஒரு பனை வரிசை, அதற்கு மேல் முழு வானம். உயரமான பொருள் என்றால் கோயில் கோபுரம்தான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவளுக்கு வானத்தின் மேற்குப் பாதியை ஒரு மலை மறைத்துக்கொண்டு நிற்பது காட்சியாகப் படவில்லை. சாயங்கால வெயிலைச் சீக்கிரமே விழுங்கிவிடும் சுவராகத்தான் பட்டது.

வீடு மாறுவதைப் பற்றிப் பேசும்போது வாடகை, பள்ளிக்கூடம், தண்ணீர் லாரி என்று பேசுவோம். நிலத்தைப் பற்றிப் பேசினாலும் "நல்ல வியூ" என்பதோடு முடிந்துவிடும். ஆனால் ஒரு நிலம் நமக்கு வீடாவதற்கும் அதன் அழகுக்கும் பெரிய தொடர்பில்லை என்று இந்தச் சில வருடங்களில் எனக்குத் தோன்ற ஆரம்பித்திருக்கிறது. அழகு முதல் நாளே கண்ணில் பட்டுவிடும். அந்த நிலம் அடுத்து என்ன செய்யும் என்று ஊகிக்கத் தெரிவதுதான் வருடக்கணக்கில் இழுக்கிறது.

அம்மா அதை வடகத்தில் கற்றுக்கொண்டாள். ஜூன் மாதம். மொட்டை மாடியில் வடகம் பிழிந்து காயவைத்திருந்தாள். மேற்கே மலை முழுக்கக் கருத்துக்கொண்டு வந்தது. அவள் கணக்கில் வானம் இப்படிக் கருத்தால் அரை மணி நேரத்தில் கொட்டும். துணியை அள்ளிக்கொண்டு, வடகத் துணியைச் சுருட்டிக்கொண்டு, மூச்சு வாங்கக் கீழே வந்தாள். மழை வரவில்லை. மறுநாளும் அதே கருப்பு, அதே ஓட்டம், அதே ஏமாற்றம். நாலாவது நாள் பக்கத்து வீட்டுப் பெண்மணி பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "ஏனுங்கம்மா, மலை மேல மேகம் நிக்கறதெல்லாம் நமக்கு இல்லீங்க. கேரளாவுல பேயுதுன்னு அர்த்தம்."

அந்த ஒரு வரியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் வானிலைப் பாடம் மொத்தமும் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தோடு வந்து மலையில் முட்டி மேலேறி, அந்தப் பக்கத்தில் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும் காற்றில் மிச்சம் அதிகமில்லை. ஒரே கோவை மாவட்டத்தில் வால்பாறையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. நகரத்திலோ 600, 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில் வருவது. அதாவது மலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து. இதையும் அம்மா பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். அக்டோபரில் ஒருநாள் மலைப்பக்கம் வானம் வெளுத்திருந்ததால் தைரியமாகத் துணியை விட்டுவைத்தாள். முதுகுப்பக்கமாக வந்து நனைத்துவிட்டுப் போனது.

காற்று இன்னும் குழப்பியது. கோவைக்குத் தென்மேற்கே, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மலைத்தொடர் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் என்பது அதுதான். ஆனி, ஆடியில் அந்த வாசல் வழியாக மேல்காற்று புகுந்து வரும். கதவுகள் அடித்துக்கொள்ளும், தென்னை மட்டைகள் ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கும், காற்று ஜில்லென்று இருக்கும், சில நாள் பூமழையாய்ச் சாரலும் உண்டு. அதே காற்றுதான் மேலும் கிழக்கே போய்த் திருவாரூரையும் தொடுகிறது. ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஈரமெல்லாம் போய், வறண்ட நிலத்தின் மேல் சூடேறி, உதட்டை வெடிக்கவைக்கும் அனலாக மாறிவிடுகிறது. அம்மாவுக்கு மேலக் காத்து என்றால் சன்னலைச் சாத்து என்று அர்த்தம். இங்கே எல்லாரும் அதே காற்றுக்குச் சன்னலைத் திறந்து வைத்தார்கள். பெயரும் திசையும் ஒன்று, அர்த்தம் நேரெதிர். புது நிலத்தில் படும் சிரமம் பெரும்பாலும் இந்த வகைதான். எல்லாம் அந்நியமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்த அடையாளம் தெரியாத அர்த்தத்தோடு வரும்போதுதான் தடுமாற்றம்.

இந்தத் தடுமாற்றத்தை ஒரு காலத்தில் நோயாகவே எழுதி வைத்தார்கள். 1688இல் பாசெல் நகரத்தில் மருத்துவம் படித்த யோஹானஸ் ஹோஃபர் என்ற இளைஞர், ஊர் ஏக்கத்துக்கு நாஸ்டால்ஜியா என்று கிரேக்கச் சொற்களைக் கோத்து ஒரு பெயர் வைத்தார். இன்று பழைய பாட்டு கேட்டால் வருவதாகச் சொல்கிறோமே, அதே சொல். அவருக்கு அது தூக்கமின்மை, பசியின்மை, காய்ச்சல் கொண்ட வியாதி. வெளிநாடுகளில் கூலிப்படையாகப் போன சுவிஸ் வீரர்களுக்கு அதிகம் வருவதாகப் பேசப்பட்டது. மலைநாட்டுக்காரர்கள் சமவெளிக்கு இறங்கி வாடிப்போனார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோஹான் யாக்கோப் ஷோய்க்சர் என்ற இன்னொரு சுவிஸ் அறிஞர், கீழே காற்று கனமாக இருப்பதால் மலைக்காரன் உடம்பை அது அமுக்குகிறது என்று விளக்கம் சொல்லி, நோயாளியை ஒரு குன்றின் மேலோ கோபுரத்திலோ தங்கவைக்கலாம் என்று வைத்தியமும் சொன்னார். காற்றழுத்தக் கதை பொய்தான். ஆனால் வைத்தியத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. உயரத்திலிருந்து பார்த்துப் பழகியவனை உயரத்தில் கொண்டுபோய் உட்காரவைப்பதில் ஏதோ இருக்கிறது. எங்கள் அம்மாவை அதே மாதிரி மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனபோது, அவள் கிழக்கே பார்த்துத்தான் நின்றாள். அந்தப் பக்கம்தான் தரை நீண்டு போகிறது.

திசை என்றதும் இன்னொன்று. எங்கள் ஊரில் சாப்பிட உட்காரும்போதுகூட "கொஞ்சம் மேற்கால தள்ளி உக்காரு" என்பார்கள். வலது, இடது என்பதெல்லாம் டிரைவர் பாஷை. 1990களில் மொழியியலாளர் எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வில், மேசையில் வைத்த சிறு பொருள்களின் இருப்பைச் சொல்லவும் கிராமத்துக்காரர்கள் திசைகளையே பயன்படுத்தினார்கள், நகரத்துக்காரர்கள் வலது இடது என்றார்கள். திசையில் வாழ்கிற ஆளைக் கோணல் மாணலான தெருவில், வடகிழக்குக்கும் கிழக்குக்கும் நடுவே பார்த்த வாசலுள்ள அடுக்குமாடியில் குடிவைத்தால் என்ன ஆகும்? அம்மா மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. வடக்கே தலை வைத்துவிட்டோமோ என்ற சந்தேகம். போனில் திசைகாட்டியைக் காட்டினேன். "அது சரி, எனக்கு அப்படித் தோணலையே" என்றாள்.

தோன்றுவது என்று அவள் சொன்னதற்கு மூளையில் இடமிருக்கிறது. நாம் இருக்கும் இடத்தைக் குறிக்கும் நரம்பணுக்களை ஜான் ஓ'கீஃப் 1971இல் எலிகளின் மூளையில் கண்டார். மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005இல் வரைபடக் கட்டம் போல இயங்கும் அணுக்களைக் கண்டார்கள். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் அணுக்களும் தனியே உண்டு. இவை கண்ணில் படும் பெரிய அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்பவை. ஆய்வுக்கூடத்தில் அந்த அடையாளத்தைத் திருப்பி வைத்தால் எலியின் திசை உணர்வும் கூடவே திரும்பிவிடும். பஸ்ஸில் தூங்கி எழுந்து இறங்கும்போது கிழக்கு வடக்காகத் தெரிவது நம் எல்லாருக்கும் நடந்திருக்கும். அம்மாவுக்கு அடையாளம் கோபுரம். அது இல்லாத ஊரில் மலையைப் பிடித்துக்கொண்டால் சுலபம், எப்போதும் மேற்கே நிற்கிறது. ஆனால் அவள்தான் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாளே.

மேற்கே மலை என்பது தமிழுக்குப் புதிதில்லை என்பதுதான் வேடிக்கை. மேற்கு என்ற சொல்லே மேல் என்பதிலிருந்து வந்தது, கிழக்கு கீழ் என்பதிலிருந்து. மேற்கே உயர்ந்து கிழக்கே கடலுக்குச் சரியும் நிலம் இந்த மொழிக்குள் திசையாகவே உட்கார்ந்திருக்கிறது. சரி, மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனால்? அங்கே மலை இருப்பது கிழக்கே, கடல் மேற்கே. அங்கும் கிழக்குக்குக் கிழக்கு என்றேதான் பெயர். தலைக்கு மேலே நிற்கும் மலையைக் காட்டி "கீழ்ப்பக்கம்" என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மேற்குக்கு மட்டும் சூரியன் படியும் பக்கம் என்ற பொருளில் படிஞ்ஞாறு என்ற சொல் புழங்குகிறது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், மலையாளம் பேசியவர்களின் முன்னோர் மலைக்குக் கிழக்கேயிருந்து போனவர்கள் என்பதற்கு இந்தக் கிழக்கைச் சான்றாகக் காட்டினார். அந்த முடிவை ஏற்காதவர்கள் உண்டு, அந்தச் சண்டை இங்கே வேண்டாம். என்னைக் கவர்ந்தது வேறு. ஒரு சொல், தன் அர்த்தம் தலைகீழான நிலத்தில் நூற்றாண்டுகளாக எந்தச் சங்கடமும் இல்லாமல் குடியிருக்கிறது. யாரும் அதைத் திருத்தவில்லை.

அப்படியானால் பழகிவிட்டால் எந்த நிலமும் சரிதானா? மனிதர்களுக்குப் பிறப்பிலேயே ஒரு நிலம் பிடிக்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜான் பாலிங், ஜான் ஃபாக் இருவரும் 1982இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கர்களிடம் ஐந்து வகை நிலங்களின் படங்களைக் காட்டி, எங்கே வசிக்கப் பிடிக்கும் என்று கேட்டார்கள். எட்டு வயதுக் குழந்தைகள், ஒருபோதும் போயிராத ஆப்பிரிக்கப் புல்வெளியைத்தான் அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். ஆதி மனிதன் வளர்ந்த நிலத்தின் நினைவு இது என்று ஒரு சாரார் குதித்தார்கள். ஆனால் அதே ஆய்வில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, தங்களுக்குப் பழக்கமான காடுகளும் அந்தப் புல்வெளியும் சமமாகப் பிடித்திருந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது பாதிதான். பிறப்பில் ஏதாவது சாய்வு இருந்தாலும், பத்துப் பதினைந்து வருடப் பழக்கம் அதை எட்டிப் பிடித்துவிடுகிறது.

இதற்குத் தமிழர் வரலாற்றிலேயே ஒரு பெரிய, வேதனையான சாட்சி இருக்கிறது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழர்களைத் தலைக்கணக்கில் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். காகிதத்தில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. பலருக்குச் சொந்த ஊர் என்று காட்டப்பட்டது திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் காய்ந்த கிராமங்கள். தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பஞ்சத்தில் விட்டுப்போன ஊர். இவர்கள் பிறந்ததும் வளர்ந்ததும் ஹட்டனிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும், குளிர்ந்த சரிவுகளில், தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில். கொழுந்து பறிக்கத் தெரிந்த கைக்குக் கடலைக்காடு என்ன சொல்லும்?

அரசு தந்த மறுவாழ்வுத் திட்டங்கள் பல. சிறுதொழில் கடன் கொடுத்துச் சமவெளியில் விட்டது ஒன்று, நூற்பாலைகளுக்கு அனுப்பியது ஒன்று, கர்நாடகத்தின் தென்கன்னடத்தில் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தியது இன்னொன்று. நீலகிரியில் இவர்களுக்கென்றே 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. பின்னால் அதுவே டான்டீ என்ற அரசு நிறுவனமானது. கவனிக்க வேண்டியது, சமவெளியில் விடப்பட்ட பலரும் கொஞ்ச நாளில் கடன் காசு கரைந்ததும் தாமாகவே கிளம்பி நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் ஏறிவிட்டார்கள் என்பது. யாரும் ஏறச் சொல்லவில்லை.

ஏன் ஏறினார்கள் என்பதற்கு வேலை என்பது முதல் பதில், அதை மறைக்க வேண்டியதில்லை. உறவுக்காரர்கள் அங்கே இருந்ததும் காரணம். ஆனால் அந்த வேலையே நிலத்தோடு ஒட்டியதுதான். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம், குன்னூர் 1,850 மீட்டர். இரண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் காட்டை வெட்டித் தேயிலை வைத்தான். ஆக அவர்கள் 'திரும்பி' வந்த இயற்கை நிலமும் மனிதன் செய்த நிலம்தான். ஈரச் சரிவில் கூடையோடு கால் வைக்கும் விதம், பனிமூட்டம் எத்தனை மணிக்கு விலகும் என்ற ஊகம், எந்த மாதம் கொழுந்து பொங்கும் எந்த மாதம் காயும் என்ற கணக்கு எல்லாம் கடல் தாண்டியும் செல்லுபடியாயின. வரைபடத்தை வைத்துப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். ஹட்டன் சரிவு தென்மேற்குப் பருவத்தில் நனைவது, கூடலூரும் அப்படித்தான். பதுளைப் பக்கம் வடகிழக்குப் பருவத்தை நம்பியிருப்பது, கோத்தகிரியும் அப்படித்தான். ஹட்டன்காரர் கூடலூரிலும் பதுளைக்காரர் கோத்தகிரியிலும் இறங்கியிருந்தால் மழை நாட்காட்டியைக்கூட அதிகம் திருத்த வேண்டியிருந்திருக்காது. அதையெல்லாம் பார்த்து யாரும் ஆளைப் பிரித்து அனுப்பவில்லை என்பது வேறு விஷயம்.

நிலம் பழகியது, ஊர் உடனே பழகவில்லை. சிலோன்காரங்க என்று தனிப்பெயர் வந்தது. கூடலூர்ப் பக்கம் குடியிருக்கும் இடம் வனத்துறையினுடையதா வருவாய்த்துறையினுடையதா என்ற வழக்கும் பட்டா இல்லாத கவலையும் தலைமுறை தாண்டி ஓடுகின்றன. மலையும் மழையும் அந்த விஷயத்தில் உதவ முடியாது.

கடற்கரையிலும் இதே கதையின் வேறு பக்கம் நடந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையை விட்டு உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த வீடுகளைப் பல மீனவக் குடும்பங்கள் அரைமனதோடுதான் பார்த்தார்கள். பாதுகாப்பு வேண்டாம் என்றா? வாசலில் நின்றபடியே அலையையும் நீரின் நிறத்தையும் கச்சானா வாடையா என்று காற்றையும் பார்த்து, இன்றைக்குப் போகலாமா என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போனால் வீடு பெரிதாகலாம், ஆனால் அந்த வாசல் போய்விடும்.

எங்கள் வீட்டுக்குத் திரும்புகிறேன். இரண்டாவது வருடத்தில் நாற்காலி பின்பக்கம் வந்தது. எந்த நாள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. கறிவேப்பிலைத் தொட்டி பால்கனியில்தான் வெயிலைப் பிடிக்கிறது என்று ஒரு காரணம் சொன்னாள். பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினால் மேட்டூரில் நீர்மட்டம் எத்தனை அடி என்று டிவியில் தேடுவதும், தம்பிக்குப் போன் போட்டுக் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்பதும் இன்றுவரை நிற்கவில்லை. அதே வாயால் சிறுவாணித் தண்ணீரைப் புகழ ஆரம்பித்திருந்தாள்.

போன ஆனி மாதம் ஒரு கல்யாணத்துக்குத் திருவாரூர் போனோம். மதியச் சாப்பாடு முடிந்து பெரியம்மா வீட்டுத் திண்ணையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மேலக் காத்து வீசத் தொடங்கியது. வேப்பமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, வாசலில் கிடந்த பந்தல் ஓலை சரசரத்தது. அம்மா எழுந்து நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தாள். கொடியில் கிடந்த வேட்டியை உருவினாள்.

"என்னடி பண்றே?"

"சாரல் வரும்க்கா, நனைஞ்சிரும்."

பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மேலக் காத்துல சாரலா? நல்லா இருக்கியாடி நீ?"

அம்மா வேட்டியோடு வாசல்படியில் நின்றுவிட்டாள். காற்று முகத்தில் அடித்தது. அனல்.